கலக்கமுனை

முதலில் பிடித்துக்கொண்டவர்கள் வீட்டுமனை விற்பவர்கள். பிரபஞ்சம் பிறந்த புதிதில் அதன் வடபாதி அமைதியாகவும் தென்பாதி கொந்தளிப்பாகவும் இருந்திருக்கிறது என்று முகில்மேடு வானாய்வு நிலையம் அறிவித்த மறுவாரமே, ‘சாந்தமுனை மனைகள், சில மட்டுமே மீதம்’ என்று ஊருக்கு ஊர் பேனர் கட்டிவிட்டார்கள். அடுத்து வாஸ்துக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் கல்யாணத் தரகர்கள். மாப்பிள்ளை வீடு ஊருக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் ஜாதகத்தையே பிரித்தார்கள். கடைசியாக அரசாங்கம் வந்தது.

முனைச் சட்டம் என்று பெயர். எந்த ஊரிலும் தென்பாதியில் புதிதாக ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ கட்டக்கூடாது. தென்பாதிக்குக் கலக்கமுனை என்று பெயரும் வைத்தார்கள். அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். முன்பு அவர்களை ஒதுக்கி வைக்க வேறு காரணங்கள் சொன்னார்கள். இப்போது விஞ்ஞானமே கிடைத்துவிட்டது.

முகில்மேட்டின் தெற்குச் சரிவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகள், லயம், இருக்கிறது. அங்கே பாதி எழும்பிய ஆஸ்பத்திரி ஒன்று சட்டம் வந்த அன்றே நின்றது. தூண்களுக்கு மேலே கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. பிரசவ வலி எடுத்தவளை ஜீப்பில் போட்டு மலையைச் சுற்றி வடக்கே கொண்டுபோக வேண்டும். காத்தாயியின் இரண்டாவது பிள்ளை அப்படிப் போன ஜீப்பில் பிறந்தது. ஜீப் வடக்கே போய்ச் சேருவதற்குள் இறந்தும் போனது.

காத்தாயி அழுது முடித்துவிட்டுத் தொழிலாளர் சங்கத்தைக் கூட்டி வழக்குப் போட்டாள். நீதிமன்றம் யோசித்துப் பார்த்துவிட்டு ஓர் உத்தரவு போட்டது: இன்னும் கூர்மையான கருவியோடு, ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக அதே மலையில் வைத்து, இரண்டாம் முறை அளக்க வேண்டும். வடக்கும் தெற்கும் வேறுவேறுதான் என்று வந்தால் சட்டம் நிற்கும். இல்லையென்றால் விழும்.

அளக்கிற குழுவுக்குத் தலைவியாக வந்தவள் காத்தாயியின் தங்கை செல்லக்கிளி. அதே லயத்தில் பிறந்து, உதவித்தொகையில் படித்து, வெளிநாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவள். அவள் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் அவள் கட்டுரைகளைப் படித்தபிறகு சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். அவளை நியமித்ததற்கு எதிர்ப்பு வந்தது. லயத்துக்காரி லயத்துப் பக்கம்தானே சாய்வாள் என்றார்கள். அதற்கு அவளே வழி சொன்னாள்: கண்கட்டு முறை. தரவு அவள் கைக்கு வரும்போதே திசைகள் திருகப்பட்டிருக்கும். படத்தில் எது வடக்கு, எது தெற்கு என்று குழுவில் யாருக்கும் தெரியாது. எவ்வளவு திருகியது என்ற சாவி வெளியாள் ஒருவரிடம் இருக்கும். கணக்கெல்லாம் முடிந்து பூட்டியபிறகு ஒரே ஒரு தடவை எல்லோர் முன்னாலும் கண்கட்டை அவிழ்ப்பார்கள். அதற்கப்புறம் ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது.

சாவியை வைத்துக்கொள்ள நீதிமன்றம் தேர்ந்தெடுத்தது பேராசிரியர் திருமலைநம்பியை. வடக்கு அமைதி, தெற்கு கலக்கம் என்று முதலில் கண்டுபிடித்தவரே அவர்தான்.

குளிர் தொடங்கியதுமே அளக்க ஆரம்பித்தார்கள். முதல் படம் வந்த அன்று செல்லக்கிளியின் உதவியாளன் மன்சூர் திரையைப் பார்த்தபடியே சொன்னான்:

“அக்கா, ஒரு பாதி கொதிக்குது.”

அவள் எட்டிப் பார்த்தாள். எந்தப் பாதி என்று தெரியாது. ஆனால் ஒரு பாதி அமைதியாகவும் மறுபாதி கொந்தளித்தும் இருந்தது. பழைய கருவி மங்கலாகக் காட்டியதைப் புதிய கருவி அழுத்தந்திருத்தமாகக் காட்டியது.

“கருவிக் கோளாறா இருக்குமோ?” என்றாள்.

“எல்லாத்தையும் சரிபார்த்தாச்சுக்கா. கொதிக்கிற பக்கத்துக்கு மட்டும் வடிகட்டியைக் கொஞ்சம் இறுக்கிவிட்டா அடங்கிரும். யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. படத்துல இரைச்சலைக் குறைச்சோம்னு ஒரு வரி எழுதினாப் போதும்.”

“ஏன் அந்தப் பக்கம் மட்டும் இறுக்கணும்?”

மன்சூர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

“எனக்குப் பிடிக்காதது வந்ததுங்கறதுக்காக இறுக்கினேன்னா, பிடிச்சது வந்ததுன்னு சட்டம் போட்டவனுக்கும் எனக்கும் என்னடா வித்தியாசம்? தொடாதே. அப்படியே இருக்கட்டும்.”

சொல்லிவிட்டாளே தவிர, அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து லயத்துக்கு நடந்தாள்.

லயம் ஓய்ந்து கிடந்தது. கூலி உயர்வும் ஆஸ்பத்திரியும் கேட்டுத் தோட்டத்திலும் ஆலையிலும் ஒரு மாதமாக வேலைநிறுத்தம். காத்தாயி வாசலில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

“வாங்க டாக்டரம்மா. ஊசி போடற டாக்டரா வந்திருந்தாலாவது ஒரு பிரயோஜனம் உண்டு.”

“ஆரம்பிக்காதக்கா.”

“என்ன சொல்லுது உங்க வானம்?”

“சொல்லக்கூடாதுக்கா. கோர்ட்டு உத்தரவு.”

“அப்ப கெட்ட சேதிதான். நல்ல சேதின்னா உன் மூஞ்சியே தமுக்கடிச்சிருக்கும்.” காத்தாயி கோடாலியைக் கீழே வைத்தாள். “எனக்கு இன்னொருவாட்டி சொல்லு. அப்படி என்னத்தைத்தான் அளக்கறீங்க?”

“உலை கொதிக்குதுன்னு வையி. ஒவ்வொரு கொப்புளமும் வேறவேற சைஸு. ஆனா மொத்தமாப் பார்த்தா பானையில எந்த மூலையிலயும் ஒரே மாதிரிதானே கொதிக்கும்? பிரபஞ்சம் கைக்குழந்தையா இருந்தப்ப கிளம்பின வெளிச்சத்துல அந்த மாதிரிக் கொப்புளம் இருக்கு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரிக் கொதிச்சுதான்னு பாக்கறோம்.”

“ஒரு பக்கம் அடுப்பு அதிகமா எரிஞ்சிருந்தா?”

“அப்ப வித்தியாசப்படும். அது நிஜமாவே இருந்தா இருந்ததுதான். அதுக்கும் உனக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்னுதான் எனக்குப் புரியல.”

“மேனேஜர் துரைக்குப் புரிஞ்சிருக்கு. கூலியை ஏத்தித் தர்றேன்னு ஒத்துக்கிட்டாரு. ஆஸ்பத்திரி அவரு கையில இல்லையாம். பிரபஞ்சத்துக் கையில இருக்காம்.” காத்தாயி சிரித்தாள். “நாளான்னிக்கு வேலைக்கு இறங்கறோம். கஞ்சி குடிச்சு எத்தனை நாளைக்குத் தாங்கும்?”

செல்லக்கிளி உதட்டை நக்கினாள். ரத்தம் கரித்தது. வெடித்திருந்தது.

அப்படியே நின்றாள். இந்த வாசலில் அவளுக்கு உதடு வெடித்ததே கிடையாது. பள்ளிக்கூடத்துக்காக மேட்டைத் தாண்டி வடக்கே போனால் வெடிக்கும், திரும்பி வந்தால் ஆறிவிடும். பனிக்காலத்திலும் லயத்துச் சுவர் வியர்த்துக்கொண்டிருக்கும். போர்வை நசநசவென்று கிடக்கும். இப்போது சுவரைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்த மண்ணாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். லயத்துக்குக் கீழே தேயிலை ஆலை, புகைபோக்கியில் புகை இல்லாமல் நின்றது.

பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர். சுற்று வட்டாரத்துச் சின்ன ஆலைகளெல்லாம் பனிக்காலத்தில் மூடிவிட, அந்தக் கொழுந்தும் இங்கேதான் வரும். ராத்திரி முழுக்க அதை உலர்த்தும் டிரையர் ஓடும். லாரி லாரியாகத் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் ஏறும். கண்ணுக்குத் தெரியாது. குளிரில் எங்கும் போகாமல் தெற்குச் சரிவின்மேல் ஏரி மாதிரிப் புரண்டுகொண்டு கிடக்கும். தென்வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கருவி தெற்கே சாய்ந்துதான் பார்க்க வேண்டும். அந்த ஏரியின் வழியாகத்தான் பார்க்க வேண்டும். அதன் புரளலும் படத்தில் வானத்தின் கொதிப்பாகவே விழும். ஆலை நின்ற ஒரு மாதத்தையும் ஓடிய மாதங்களையும் ஒன்றாகக் கொட்டித்தான் அந்தப் படத்தைப் போட்டிருந்தார்கள்.

“என்னடி, பேயடிச்ச மாதிரி நிக்கறே? தேங்காயெண்ணெய் வேணுமா?”

“வேண்டாம்க்கா” என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறி ஓடினாள்.

காற்றின் ஈரத்தை அளக்கிற கருவி விருந்தினர் பங்களாவின் வராந்தாவில், வடக்குப் பக்கம் இருந்தது. முதல் குழு வந்தபோது காப்பி குடித்துக்கொண்டே பார்க்க வசதியாக அங்கே மாட்டியிருந்தார்கள். இரண்டாம் குழுவும் அதையே பயன்படுத்தி, தெற்கிலும் அதே ஈரம்தான் என்று கணக்குப் போட்டது. லயத்துப் பக்கம் ஒன்று வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பக்கம் போகிற வழக்கமே யாருக்கும் இல்லை. அங்கிருந்து வந்தவளுக்கும் தோன்றவில்லை என்பதுதான் செல்லக்கிளியைச் சுட்டது.

திருமலைநம்பி வராந்தாவில் சாய்ந்திருந்தார். அவள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார்.

“அப்போ என் கண்டுபிடிப்பு தப்புங்கறீங்க.”

“தெரியாது சார். தெரிஞ்சுக்கலாம்ங்கறேன்.”

“வேலைநிறுத்த மாசத்தைத் தனியாப் பிரிச்சுப் பார்த்தாப் போதுமே?”

“போதாது. ஒரு மாசத் தரவு பத்தாது. அந்த மாசம் காத்தும் வேற. அதோட, தன் ஆளுங்க ஸ்டிரைக் பண்ணின நாளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கிட்டான்னு சொல்வாங்க. சொல்லணும். நானா இருந்தா நானும் சொல்வேன்.”

“சரி, என்னதான் செய்யணும்?”

“ஆலை சில ராத்திரி ஓடணும், சில ராத்திரி நிக்கணும். எதுன்னு யாரும் திட்டம் போடக்கூடாது. தினம் சாயங்காலம் நீங்க காசைச் சுண்டுங்க. பூ விழுந்தா ஓடட்டும். தலை விழுந்தா நிக்கட்டும். நானும் மன்சூரும் மலையிலயே இருக்க மாட்டோம். கோயமுத்தூர்ல உக்காந்து கணக்கை எழுதிப் பூட்டறோம். தேதி இல்லாம தரவு மட்டும் வரட்டும்.”

“வானத்துக்காக மேனேஜர் ஆலையை நிறுத்துவாரா?”

“மேனேஜர் நிறுத்த மாட்டாரு. நிறுத்தத் தெரிஞ்சவங்க கீழே இருக்காங்க.”

கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “காசைச் சுண்டறது நானாம்மா? எனக்கு என் முடிவு நிக்கணும்னு ஆசை இருக்காதா?”

“இருக்கும் சார். முடிவு மாறக்கூடாதுன்னு நினைக்கிறவரு நீங்க. அதனாலதான் உங்க கையில காசு இருந்தா யாரும் வாயைத் திறக்க முடியாது.”

அன்று மாலை லயத்து மைதானத்தில் கூட்டம். படத்தில் வந்ததைச் சொல்லாமல், ஆலையின் ஆவியையும் காசு சுண்டுவதையும் பற்றி மட்டும் செல்லக்கிளி பேசி முடித்ததும் டிரையர் ஓட்டுகிற சூசை எழுந்தான்.

“ஒரு மாசம் கூலிக்காகக் கஞ்சி குடிச்சோம். இப்ப வானத்துக்காகவும் குடிக்கணுமா? நட்சத்திரத்துக்கெல்லாம் சங்கத்துல சந்தா வாங்கியாச்சா?”

கூட்டம் சிரித்தது. காத்தாயி சிரிக்கவில்லை.

“நீ சொல்றபடி செஞ்சா ஜெயிப்பமா?”

“தெரியாதுக்கா.”

“ஆலையை நிறுத்தின பிறகும் தெற்கு கலங்கித்தான் இருக்குன்னு வந்தா?”

“அப்ப சட்டம் நிக்கும். ஆஸ்பத்திரி வராது. நானே கையெழுத்துப் போடணும்.”

“தெரியாத ஒண்ணுக்காக எங்க வயித்துல அடிக்கச் சொல்றே?”

“ஆமா. தெரியாததாலதான் கேக்கறேன். தெரிஞ்சிருந்தா உங்களைக் கேக்கவே வேண்டாமே.”

 எங்கோ ஒரு கைக்குழந்தை அழுதது. காத்தாயி சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“எல்லாம் தெரிஞ்சவன்தான் நமக்கு இந்தச் சட்டத்தைப் போட்டான். தெரியாதுன்னு நேருக்கு நேரா சொல்ற ஒருத்தியை இப்பத்தான் பாக்கறேன். அவ என் தங்கச்சிங்கறதை விட்டுருங்க. ராத்திரி ஷிப்டு நிக்கற அன்னிக்குப் பகல் ஷிப்டு கூலியைப் பகிர்ந்துக்குவோம். என் கூலியில பாதி. எந்திரிங்க, யாரு யாரு?”

முதலில் கொழுந்து எடுக்கும் பெண்கள் எழுந்தார்கள். சூசை கடைசியாக எழுந்தான். “நட்சத்திரம் வந்து நன்றி சொல்லுதான்னு பாக்கறேன்” என்று முனகினான்.

அந்த மாதிரி ஒரு வேலைநிறுத்தத்தை எஸ்டேட் மேனேஜர் பார்த்ததே இல்லை. ஒரு ராத்திரி எல்லோரும் வந்தார்கள், அடுத்த ராத்திரி ஒருவரும் வரவில்லை. அப்புறம் தொடர்ந்து வந்தார்கள். மறுபடி வரவில்லை.

“நேத்து ஏண்டா வரல?”

“மனசு சரியில்லைங்க துரை.”

“இன்னிக்கு?”

“சரியாயிருச்சுங்க.”

தொழிலாளர் நலத்துறை அதிகாரி ஜீப்பில் வந்து கோரிக்கை என்ன என்று கேட்டார். கோரிக்கை எதுவும் இல்லை என்றார்கள். அவர் வெள்ளைத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

சிரிப்பாக மட்டும் இருக்கவில்லை. சூசையைத் தற்காலிக நீக்கம் செய்தார்கள். அவன் தினமும் சாயங்காலம் பங்களாவுக்கு ஏறிவந்து, பேராசிரியர் காசு சுண்டுவதைப் பார்த்துவிட்டுக் கீழே போய்ச் சேதி சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டான். இரண்டு குடும்பங்கள் தாங்க முடியாமல் திருப்பூருக்குப் போய்விட்டன. நின்ற ராத்திரிகளில் கொழுந்து குவிந்து சூடேறிக் கறுத்தது. அதைப் பள்ளத்தில் கொட்டும்போது, பறித்த பெண்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கை நோகப் பறித்தது வீணாவதைப் பார்க்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும் தலை விழுந்த எந்த ராத்திரியும் டிரையர் ஓடவில்லை.

பங்குனிக் கடைசியில் கண்கட்டை அவிழ்த்தார்கள். காலை வேளை, நிலையத்தின் சாப்பாட்டுக்கூடம். நீதிமன்ற ஆணையர், அரசு வக்கீல், தொலைக்காட்சிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பின்னால் சுவரோரமாகக் காத்தாயியும் சங்கத்துப் பெண்களும் நின்றார்கள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

திருமலைநம்பி சாவியையும், எந்த ராத்திரி பூ, எந்த ராத்திரி தலை என்ற கணக்கையும் தட்டச்சு செய்தார். ஒரு தடவை தப்பாகி மறுபடி செய்தார்.

முதலில் ஆலை ஓடிய ராத்திரிகள். வட்டப் படத்தில் ஒரு பாதி கொதித்தது. திருகு அவிழ, படம் மெல்லச் சுழன்றது. கொதிக்கிற பாதி நகர்ந்து வந்து தெற்கே உட்கார்ந்தது. அரசு வக்கீல் பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டினார். காத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்தது ஆலை நின்ற ராத்திரிகள்.

படம் வந்தது, சுழன்றது, நின்றது. எந்தப் பக்கமும் எதுவும் வந்து உட்காரவில்லை. வடக்கில் இருந்த அதே பொடிச்சலனம் தெற்கிலும் இருந்தது. கிழக்கிலும் மேற்கிலும் அதுவே. மன்சூர் எண்களை வாசித்தான். படத்தை எந்தக் கோட்டில் வெட்டினாலும் இரண்டு பாதிகளும் ஒன்று. இதற்குமுன் மனிதர் யாரும் இவ்வளவு நுணுக்கமாக அளந்ததில்லை. அந்த அளவிலும் ஒன்று. 

“இன்னொருவாட்டி ஓட்டுடா” என்றாள் செல்லக்கிளி.

“ஒருவாட்டிதான்னு நீங்கதானேக்கா சட்டம் போட்டீங்க!”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியபோதும் நிறுத்தவில்லை. சுவரோரத்தில் ஒருத்தி குலவையிட்டாள். ஆணையர் மேசையைத் தட்டிப் பார்த்தார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

அரசு வக்கீல் எழுந்தார். “அப்படியானால் பேராசிரியரின் முதல் அளவு பொய்யா?”

“பொய் இல்லைங்க” என்றார் திருமலைநம்பி. “ரொம்பத் துல்லியமா அளந்திருக்கேன். என்ன, நான் அளந்தது பிரபஞ்சத்தை இல்லை, தேயிலையை.” கூடம் சிரித்து அடங்கும்வரை காத்திருந்தார். “இன்னொண்ணு. தெற்கு நிஜமாவே கலங்கியிருந்தாலும் அங்கே ஆஸ்பத்திரி கட்டக்கூடாதுன்னு எந்த இயற்பியல்லயும் இல்லை. அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கு.”

சேதி சரிவில் இறங்கியதுமே லயத்தில் தப்பு மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. சூசைதான் அடித்தான். தோல் கிழியும்வரை அடித்தான். மழைக்காலம் தொடங்குமுன் சட்டம் விழுந்தது, அவனுக்கு வேலையும் திரும்பக் கிடைத்தது. ஊர்களின் தென்பாதியிலெல்லாம் நின்றுபோயிருந்த கட்டடங்களில் சாரம் கட்டினார்கள். மனை விற்கிறவர்கள் ‘எட்டுத் திசையும் சாந்தமுனை’ என்று பேனரை மாற்றிக்கொண்டார்கள். அவர்களை ஒன்றும் செய்ய முடியாது.

முகில்மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூரைக் காங்கிரீட் போடுகிற அன்று டவுனிலிருந்து வந்த இன்ஜினியர் வரைபடத்தை விரித்துத் தயங்கினார்.

“வாசலை எந்தத் திசையில வைக்கறதுன்னு இன்னும் முடிவு பண்ணலைங்களே. வடக்க வச்சா…”

“ஜீப்பு எந்தப் பக்கம் வரும்?” என்றாள் காத்தாயி.

“ரோடு மேற்கே இருக்கு.”

“அப்ப மேற்க வையுங்க. வலி எடுத்தவ திசையா பார்ப்பா?”

செல்லக்கிளி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காங்கிரீட் சட்டியைக் கைமாற்றுகிற வரிசையில் நின்றிருந்தாள். மேலே மேட்டில் அவள் கருவியைப் பகுதி பகுதியாகக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காத்தாயி அதை அப்போதுதான் கவனித்தாள்.

“ஏண்டி, அதை எங்கே கொண்டுபோறாங்க?”

“வேற மலைக்கு. ஆஸ்பத்திரின்னா ராத்திரி பகலா வெந்நீர் காயும், துணி வேகும். ஆவி வரும். ஆலை மாதிரிக் காசு சுண்டி நிறுத்த முடியாதுல்ல? இனிமே இங்கேருந்து தெற்கு வானம் சரியாத் தெரியாது.”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். ஆட்சேபணை இல்லைன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன்.”

காத்தாயி தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். “அவ்வளவு பெரிய கருவி. உனக்கு நஷ்டமில்லையா?”

“எல்லாத் திசையும் ஒண்ணுதானேக்கா. எங்கே நின்னு பார்த்தா என்ன?”

“சரி, வாயடிச்சது போதும். சட்டியை வாங்கு, காங்கிரீட் இறுகுது.”

செல்லக்கிளி வாங்கி மேலே கொடுத்தாள்.